மறைத்ததை முதலில் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. பெரம்பூர் பக்கம் குடியிருக்கிறோம். மகள் நாலாவது படிக்கிறாள், மே மாதம் அவளுக்குப் புதுநன்மை (நன்மை, அதாவது நற்கருணை, முதல் முறை வாங்குவது). பிள்ளைகளோடு பெற்றோரும் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்ய வேண்டும் என்று பங்கில் சொல்லிவிட்டார்கள். 14 வருடத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை, மறைத்துவிட்டேன். அதன் பிறகு கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் போய் "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். கடைசி ஐந்து வருடமாக அதுவும் இல்லை. ஆனால் நன்மை வாங்காவிட்டால் மாமியார் ஏன் என்று கேட்பார், அதனால் ஞாயிறுதோறும் வாங்குகிறேன். பங்குத்தந்தை எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வருவார், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். நான் பூசையில் வாசகம் வாசிக்கிறவள். இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அழுதுவிடுவேனோ, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்குமோ என்று பயம். பாவங்களுக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம்கூட மறந்துவிட்டது. கேரளாவில் நடந்ததாகச் செய்தியில் பார்த்ததும் மனதை விட்டுப் போகவில்லை. என்ன விஷயம் என்று இங்கேயும் எழுத முடியவில்லை.
ஒரு வாசகி, சென்னை

அன்புச் சகோதரிக்கு,

அந்த விஷயம் என்னவென்று எழுதாமல் விட்டது நல்லது. கடிதத்துக்குப் பாவசங்கீர்த்தன இரகசியம் கிடையாது. தபாலிலோ போனிலோ வாட்ஸ்அப்பிலோ பாவமன்னிப்பும் கிடையாது, குருவிடம் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அது என்னவென்று தெரியாமலே உங்களுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட முடியும்.

முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அது நீங்கள் செய்ததா, உங்களுக்குச் செய்யப்பட்டதா? சின்ன வயதில் உறவுக்காரர் ஒருவர் தொட்டது, விருப்பமில்லாமல் வற்புறுத்தப்பட்டது, மிரட்டிப் பணிய வைக்கப்பட்டது, இவற்றைத் தன் பாவம் என்று வருடக்கணக்கில் சுமக்கிற பெண்களும் ஆண்களும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அது பாவம்தான், ஆனால் செய்தவனுடைய பாவம். உங்கள் கணக்கில் அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அப்படியானால் 14 வருடத்துக்கு முன் நீங்கள் எந்தப் பாவத்தையும் மறைக்கவில்லை. அந்தக் காயத்தைப் பற்றிக் குருவிடம் பேசலாம், மனநல ஆலோசகரிடம் பேசலாம், பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். அதைப் பாவமாகச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எது உங்களுடையது, எது அடுத்தவருடையது என்று பிரிக்கத் தெரியாவிட்டால், "இது என் பாவமான்னு எனக்கே தெரியல சாமி" என்று அப்படியே சொல்லுங்கள். பிரித்துக் காட்டுவது குருவின் வேலை.

நீங்களே விரும்பிச் செய்ததுதான் என்றால், நிலைமையை மழுப்பாமல் சொல்கிறேன். சாவான பாவம், அதாவது பெரிய பாவம், என்று தெரிந்தே ஒன்றை மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. அன்றைக்குச் சொன்ன மற்ற பாவங்களுக்கும் மன்னிப்பு கிடைக்கவில்லை. மறைத்தபடியே அதற்குப் பிறகு செய்தவையும் அப்படித்தான். அந்த நிலையில் நன்மை வாங்கியது தனிப் பாவம், ஞானோபதேசத்தில் தேவதுரோகம் என்று படித்திருப்பீர்கள். இதைக் கேட்டு இடிந்துபோக வேண்டாம். முடிச்சு 14 வருடத்தது என்றாலும் அதை அவிழ்க்க ஒரே ஒரு பாவசங்கீர்த்தனம் போதும். மறைக்காமல், மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. மறந்த பாவமும் மற்றவற்றோடு சேர்ந்து மன்னிக்கப்பட்டுவிடும். நினைவு வந்ததும் அடுத்த முறை சொன்னால் சரி.

வெட்கம் போகட்டும், பிறகு போகலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஐந்து வருடம் போகாமல் இருந்து பார்த்துவிட்டீர்கள், குறைந்ததா? கூடித்தான் இருக்கிறது. நோயாளி வெட்கப்பட்டுப் புண்ணை மருத்துவரிடம் காட்டாவிட்டால், தெரியாத புண்ணை மருந்து ஆற்றாது என்ற பழைய வார்த்தையைத் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கமே 1551-இல் எடுத்துச் சொல்லியிருக்கிறது. புண்ணைக் காட்டுகிற நேரத்து வெட்கம் இயல்பு, அதில் குற்றமில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 மார்ச் மாதம் புனித பேதுரு பேராலயத்தில், எல்லோரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். குருக்களும் ஆயர்களும் இன்னொரு குருவிடம் போய் இதே வாக்கியங்களைச் சொல்கிறவர்கள்தான். பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டான தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் குருவுக்கு உங்கள் வெட்கம் அந்நியமில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உங்களைத் தடுப்பதில் பாதி, அந்தப் பாவத்தைவிட ஒரு குறிப்பிட்ட முகம்தான்: வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பங்குத்தந்தையின் முகம். அந்தப் பாதியை இன்றைக்கே கழற்றி வைத்துவிடலாம். பங்குத்தந்தையிடம்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும், வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவிடமும்கூட, அவரவர் விருப்பப்படி போகலாம் என்று திருச்சபைச் சட்டம் 991 சொல்கிறது. சென்னையில் இருக்கும் சீரோ மலபார் கோவிலுக்குப் போனாலும் அந்த மன்னிப்பு செல்லும். இதில் பங்குத்தந்தையை அவமதிப்பது எதுவும் இல்லை. அவரும் வருத்தப்பட மாட்டார், அவருக்குத் தெரியவும் போவதில்லை.

ஆகவே உங்களை யாருக்கும் தெரியாத கோவிலுக்குப் போங்கள். பெரம்பூரிலிருந்து பாரிமுனை ஒன்றும் தூரமில்லை. அரண்மனைக்காரத் தெருவில் அந்தோணியார் கோவில் என்று எல்லோரும் சொல்லும் புனித மரியன்னை இணைப் பேராலயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே கூட்டம் நெரியும், உங்கள் வேலைக்கு அந்த நாள் வேண்டாம். சாந்தோம், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவில், சின்னமலை, பரங்கிமலை, இங்கெல்லாம் வெளியூர் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பதால் யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. பாவசங்கீர்த்தன நேரம் கோவிலுக்குக் கோவில் மாறும், பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். "பாவசங்கீர்த்தனம் எப்போ கேப்பாங்க?" என்ற ஒரு கேள்வி போதும், பெயர் சொல்ல வேண்டாம்.

நேரத்தைக் கவனமாகப் பாருங்கள். ஞாயிறு பூசைக்கு முந்தின பத்து நிமிடம், திருவிழா நவநாட்கள், புனித வாரம், இவை உங்களுக்கு உதவாது. வரிசை நீளமாக இருக்கும், குருவுக்குப் பூசைக்கு நேரமாகும், அந்த அவசரத்தில் பழையபடி "பொய், கோபம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவீர்கள். பலர் மறைப்பது வெட்கத்தால் மட்டுமல்ல, பின்னால் நிற்கிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார் என்ற பதற்றத்தாலும்தான். சாதாரணப் பாவசங்கீர்த்தனம் ஐந்து நிமிடம் என்றால் உங்களுடையது கால் மணி நேரமாவது எடுக்கும். வார நாளில் மாலைப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். இல்லாவிட்டால் அங்கிருக்கும் குருவிடம், "ஃபாதர், பாவசங்கீர்த்தனம் செஞ்சு வருஷக்கணக்கா ஆச்சு, கொஞ்சம் கூட நேரம் வேணும், எப்போ வரலாம்?" என்று கேளுங்கள். இந்த வாக்கியத்தில் இரகசியம் எதுவும் வெளியாகவில்லை. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் குரு அபூர்வம். பெரும்பாலோர் சந்தோஷப்படுவார்கள்.

உட்காரும் இடத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இப்போது பல கோவில்களில் தொட்டியைப் பூட்டிவிட்டு, பக்க வாசலருகே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முகத்துக்கு முகம் கேட்கிறார்கள். சிலருக்கு அது வசதி, உங்களுக்கு வேண்டாம். தடுப்பு வலை வைத்த இடம் கோவிலில் இருக்க வேண்டும், விரும்புகிறவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சட்டம் 964 சொல்கிறது. "தொட்டியில செய்யலாமா ஃபாதர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வருடக்கணக்கில் அதன் பக்கம் போகவில்லை என்பதால் சொல்கிறேன். பக்கவாட்டில் முழங்காலிட ஒரு பலகை இருக்கும். முகத்துக்கு நேரே துளை போட்ட பலகை அல்லது கம்பி வலை, சில இடங்களில் அதன் மேல் ஒரு ஊதாத் துணி. உள்ளே குரு உங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க மாட்டார். பக்கவாட்டில் உட்கார்ந்து காதை வலைப் பக்கம் சாய்த்திருப்பார், கை நெற்றியில் இருக்கும், கண் தரையில் இருக்கும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் ஒரு காதும், தோளில் போட்ட ஊதா ஸ்டோலின் ஓரமும்தான். வாயை வலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குசுகுசுவென்று பேசாமல் தாழ்ந்த குரலில் பேசுங்கள். குசுகுசுப்பில் "ஸ", "ச" எல்லாம் சீறிக்கொண்டு தூரம் போகும், அடிக்குரல் அவ்வளவு போகாது. தப்பித் தவறி வெளியே யாராவது ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டாலும், கேட்டவரும் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர் என்பதை வாசகம் வாசிக்கும் நீங்களாவது மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். நம் மக்கள் பலருக்கு இது தெரியாது.

போவதற்கு முந்தின இரவு அரை மணி நேரம் ஆன்ம சோதனை செய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு சின்னத் தாள் எடுத்து, வாக்கியமாக எழுதாமல் ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் மட்டும் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், தொட்டிக்குள் வெளிச்சம் குறைவு. போனில் குறித்து வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளை விளையாட எடுக்கும் போன் அது. தாளை முடிந்ததும் கிழித்துப் போடலாம்.

உங்கள் தாளில் இருக்க வேண்டியவை: மறைத்த அந்தப் பாவம், அதை மறைத்தது, மறைத்தபடியே செய்த பாவசங்கீர்த்தனங்கள், அந்த நிலையில் நன்மை வாங்கியது, இந்த 14 வருடத்தில் செய்த வேறு பெரிய பாவங்கள் ஏதும் இருந்தால் அவை. சட்டம் 988 கேட்பது பெரிய பாவங்களின் வகையும் எண்ணிக்கையும். எண்ணிக்கை என்றதும் கணக்கெடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். "வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒன்பது வருஷம், மறைச்சே பாவசங்கீர்த்தனம் செஞ்சேன். 14 வருஷமா அனேகமா எல்லா ஞாயிறும் நன்மை வாங்கினேன்" என்றால் அதுவே முழுக் கணக்கு. அற்பப் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லக் கடமை இல்லை.

வகை என்பதில்தான் மக்கள் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம், "பரிசுத்தத்துக்கு விரோதமா பாவம் செஞ்சேன்" என்று மூடிச் சொல்வது. அதில் பார்வையும் அடங்கும், உறவும் அடங்கும். குரு திரும்பக் கேட்க வேண்டி வரும், நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அந்தக் கேள்வியை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். இன்னொரு பக்கம், அன்று மழை, அவர் வண்டியில் வந்தார் என்று கதையாகச் சொல்வது. கதை நீள நீள அழுகை வரும், பாவம் நடுவில் காணாமல் போகும். "கல்யாணத்துக்கு முன்னால ஒருத்தரோட உடலுறவு இருந்தது, ஏழெட்டு தடவை" என்பது போதும். அவர் மனைவி உள்ளவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது பாவத்தின் வகையையே மாற்றிவிடும். பெயர், ஊர், எப்படி நடந்தது, எதுவும் வேண்டாம். உடன் பாவம் செய்தவரின் பெயரைக் குரு கேட்கக் கூடாது என்றே சட்டம் 979 இருக்கிறது. யாராவது கேட்டால் "அதைச் சொல்ல வேண்டியதில்லை சாமி" என்று சொல்லலாம். பண விஷயம் என்றால் சுமார் எவ்வளவு, திருப்பிக் கொடுத்தாயிற்றா, இல்லையா என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பிக் கொடுப்பது மனஸ்தாபத்தின் பகுதி. கருக்கலைப்பு என்றால், இதற்கு ஆயரிடம்தான் போக வேண்டும் என்று கேள்விப்பட்டே வராமல் இருக்கும் பெண்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பரில் எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகத் தந்துவிட்டார். தொட்டிக்குள் இருக்கும் எந்தக் குருவும் அதே இடத்திலேயே மன்னிப்பு தரலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மறைத்ததை முதலில் சொல்லுங்கள். வழக்கமாக எல்லோரும் செய்வது என்ன? சின்னப் பாவங்களில் ஆரம்பித்து, தைரியம் வந்ததும் பெரியதைச் சொல்லலாம் என்று நினைப்பார்கள். தைரியம் வராது. ஒவ்வொரு சின்னப் பாவத்தைச் சொல்லும்போதும் மனம் அடுத்து வரப்போவதையே நினைத்து நடுங்கும். மூன்றாவது பாவம் முடிந்ததும் "அவ்வளவுதான் சாமி" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். 14 வருடத்துக்கு முன் உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். ஆகவே முழங்காலிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, "சாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியும்" என்றதும், இரண்டாவது வாக்கியமே இப்படி இருக்கட்டும்:

"14 வருஷத்துக்கு முன்னால ஒரு பெரிய பாவத்தை வெட்கப்பட்டு மறைச்சிட்டேன் சாமி. அதுக்கப்புறமும் சொல்லல. இன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். பயமா இருக்கு, எனக்கு உதவி செய்யுங்க."

இதை மட்டும் வீட்டில் குளியலறையில் நின்று நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதில் பாவம் என்னவென்றே இன்னும் வரவில்லை, அதனால் சொல்வது சுலபம். ஆனால் இதைச் சொன்ன பிறகு பின்வாங்க வழி இல்லை. குருவும் அவசரத்தை விட்டுவிட்டு நிதானமாகிவிடுவார். அடுத்த மூச்சில் தாளின் முதல் வரி. அந்த வரியைச் சொல்ல பத்து விநாடிகூட ஆகாது.

அப்போதும் நாக்கு எழாவிட்டால் "சொல்ல முடியல சாமி, நீங்களே கேளுங்க" என்று சொல்லுங்கள். அவர் ஒன்றிரண்டு கேள்வி கேட்பார், "ஆமா", "இல்ல" என்றால் போதும். அதுவும் முடியாதபடி தொண்டை அடைத்துவிட்டால், தாளையே நீட்டி "இதுல இருக்கிறது என் பாவங்கள்" என்று சொல்லிக் காட்டலாம். மறக்காமல் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். கைக்குட்டை ஒன்று கையில் இருக்கட்டும், அழுது முடியும்வரை அவர் காத்திருப்பார். எழுந்து வெளியே வரும்போது கண் சிவந்திருந்தால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. கோவிலில் அழுகிறவர்கள் நூறு காரணத்துக்கு அழுகிறார்கள்.

மந்திரம் மறந்ததைப் பற்றிக் கவலையே வேண்டாம். "என் சர்வேசுரா சுவாமி" என்று தொடங்குகிற அந்தச் செபம் பழைய செபப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது, தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போய் வாசிக்கலாம். அதுவும் இல்லாவிட்டால், "ஆண்டவரே, உமக்கு விரோதமாகப் பாவம் செய்ததற்கு மனம் வருந்துகிறேன், இனிச் செய்யாமலிருக்க உம் அருளைத் தாரும்" என்று சொந்த வார்த்தையில் சொன்னாலும் முழு மனஸ்தாபம்தான். தொட்டிக்குள் யாரும் உங்களுக்கு மனப்பாடப் பரீட்சை வைக்கவில்லை. பாவங்களைச் சொல்லி முடித்ததும் "இவற்றுக்காகவும் மறந்துபோன பாவங்களுக்காகவும் வருந்துகிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். அவர் இரண்டு வார்த்தை புத்தி சொல்வார், அபராதம், அதாவது பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்ய வேண்டியதை, விதிப்பார், கையை உயர்த்தித் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் மன்னிப்பு அளிப்பார். "ஆமென்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தைகள் முடியும்வரை எழுந்துவிடாதீர்கள். பதற்றத்தில் பாதியில் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

திட்டினால் என்ன செய்வது என்று கேட்காமலே உங்கள் கடிதம் கேட்கிறது. கடுமையாகப் பேசும் குருக்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக் கூடமாக இருக்கக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதியது குருக்களைப் பார்த்துத்தான். திட்டினாலும் மன்னிப்பு வார்த்தைகளைச் சொல்லிவிட்டார் என்றால் அந்த மன்னிப்பு முழுமையானது, அவருடைய குணம் அதைக் குறைக்காது. தாங்க முடியவில்லை என்றால் மன்னிப்புக்கு முன்னாலேயே "மன்னிச்சுக்கோங்க சாமி" என்று எழுந்து, வேறொரு குருவிடம் போகலாம். அதில் பாவம் இல்லை.

கேரளச் செய்திக்கு வருகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டியதாகச் சில குருக்கள் மேல் 2018-இல் எழுந்த குற்றச்சாட்டைச் சொல்கிறீர்கள். அவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனால் அதைச் சொல்லி உங்கள் பயத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. பயம் நியாயமானது. திருச்சபையின் சட்டம் இதில் எவ்வளவு கடுமையானது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வருடத்துக்கு ஒரு முறை பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்ன அதே இடத்தில், இரகசியத்தை மீறும் குருவுக்குத் தண்டனையையும் எழுதி வைத்தது. இன்றைய சட்டப்படி நேரடியாக மீறுகிறவர் அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார், அந்தத் தண்டனையை நீக்குவது உரோமையின் கையில் மட்டும் இருக்கிறது. வெளியே சொல்வது மட்டுமல்ல, கேட்டதை மனதில் வைத்து உங்களுக்குப் பாதகமாக எதையும் செய்யவும் கூடாது என்று சட்டம் 984 தடுக்கிறது. பங்குத்தந்தையிடமே நீங்கள் சொல்லியிருந்தாலும், அவர் உங்களை வாசகம் வாசிக்க வேண்டாம் என்று நிறுத்த முடியாது. வெளியே பார்க்கும்போது "அந்த விஷயம் எப்படி இருக்கு?" என்று உங்களிடமே கேட்கவும் முடியாது, நீங்களாகப் பேச்சை எடுத்தால் ஒழிய.

உங்கள் பக்கத்தில் எடுக்க வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. கோவில் திறந்திருக்கும் நேரத்தில், மற்றவர்கள் கண்ணுக்கு எட்டும் இடத்தில், வலைக்குப் பின்னாலிருந்து செய்யுங்கள். போன் நம்பர் கொடுக்க வேண்டியதில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. "இதைப் பற்றி வெளியே தனியாகப் பேசுவோம்" என்று அழைத்தால் போகத் தேவையில்லை. பாவசங்கீர்த்தனத்தைச் சாக்காக வைத்துத் தவறான பேச்சு வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அது திருச்சபைச் சட்டத்தில் பெருங்குற்றம், ஆயரிடம் புகார் கொடுக்க வேண்டும். மிரட்டல் என்றால் போலீசுக்கும் போக வேண்டும். நீங்கள் பாவசங்கீர்த்தன இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, குருதான் கட்டுப்பட்டவர். உங்களிடம் அவர் சொன்னதை நீங்கள் தாராளமாக வெளியே சொல்லலாம்.

அபராதம் பெரும்பாலும் ஒரு செபமோ, திருப்பாடல் 51-ஐ வாசிப்பதோ, ஒரு பிறர் உதவிச் செயலோதான். உங்கள் பாவத்தை வெளிப்படுத்தும் எதையும் அபராதமாக விதிக்கக் கூடாது. கணவரிடம் போய்ச் சொல்ல வேண்டி வருமோ என்று உள்ளுக்குள் பயந்திருந்தால், அந்தக் கட்டாயம் இல்லை. விதித்ததைச் செய்ய முடியாது என்று தோன்றினால் அங்கேயே "வேற ஏதாவது கொடுங்க சாமி" என்று கேளுங்கள், மாற்றித் தருவார். தந்ததை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அந்தக் கோவில் பெஞ்சிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அதுவரை வரும் ஞாயிறுகளில் நன்மை வாங்காதீர்கள். மாமியார் கேள்விக்கு ஒரு வழி சொல்கிறேன், இதில் பொய் இல்லை. நன்மை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உட்கொள்ளக் கூடாது. கோவிலுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ஒரு காபி குடித்துவிடுங்கள். "காபி குடிச்சிட்டேன் அத்தை, மணி ஆகல" என்பது முழு உண்மை. நன்மை வாங்காமல் வாசகம் மட்டும் வாசிப்பதற்கும் தடை இல்லை. ஆனால் இந்தக் காபி இரண்டு ஞாயிறுக்கு மேல் போகக் கூடாது, அதற்குள் பாரிமுனைக்கோ சாந்தோமுக்கோ போய்விட்டு வந்துவிடுங்கள்.

வந்த பிறகு சில நாள் கழித்து, சரியாகச் சொன்னேனா, எண்ணிக்கை தப்போ என்று மனம் அரிக்கலாம். திரும்பப் போய் அதையே சொல்லாதீர்கள். நேர்மையாகச் சொன்னது மன்னிக்கப்பட்டாயிற்று. அந்த அரிப்பு வாரக்கணக்கில் நிற்காமல், ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் துரத்தினால் அது மனச்சாட்சி அல்ல, சிகிச்சை பெற வேண்டிய மனக்கவலை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஒரே குருவிடம் மட்டும் போய், அவர் "போதும்" என்றால் அதோடு நிறுத்துவது நல்ல வழி.

இதைப் படிக்கும் பங்குத்தந்தையர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுநன்மைப் பெற்றோரை ஒரே நாளில் வரிசையில் நிறுத்தும்போது, வெளியிலிருந்து இரண்டு குருக்களையாவது அழைத்து உட்கார வையுங்கள். தன் பங்குத்தந்தையிடம் சொல்ல முடியாமல் அந்த வரிசையில் பொய்யாக நிற்கிறவர்கள் இந்தச் சகோதரி ஒருவர் மட்டும் அல்ல.

உங்கள் பங்கில் அந்த நாள் வரும்போது, அம்மா, நீங்கள் ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றிருப்பீர்கள். பழையதைப் பங்குத்தந்தையிடம் திரும்பச் சொல்ல வேண்டாம், மறைப்பதாகவும் ஆகாது. "பாவசங்கீர்த்தனம் செஞ்சு மூணு வாரம் ஆச்சு சாமி" என்று ஆரம்பித்து, அந்த மூன்று வாரத்துப் பாவங்களை மட்டும் சொல்லுங்கள். மகள் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ நிற்பாள். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடலாம்.